கோதாவில் கடைசி நிமிடம்

 

இன்றைய பேச்சு ஒரு குஸ்திச் சண்டையோடு தொடங்குகிறது.

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பிரேசில் நாட்டில் ரியோ நகரம். அங்கே ஒலிம்பிக் போட்டி நடக்கிறது. நம் நாட்டில் அப்போது 18ஆம் தேதி, இன்னும் விடியவில்லை. ஊரெல்லாம் தூக்கம். ரியோவில் மட்டும் ஒரு பெண் விழித்து நின்று போராடுகிறார்.

அவர் பெயர் சாக்‌ஷி மாலிக். ஹரியானா மாநிலத்தில் ரோத்தக் மாவட்டத்துக்காரர். மோக்ரா என்ற கிராமம். அப்போது வயது 23. அப்பா டில்லியில் பஸ் கண்டக்டர். அம்மா அங்கன்வாடி மேற்பார்வையாளர். தாத்தா பயில்வான். பேத்தி 12 வயதில் குஸ்தி பழகத் தொடங்கினார். "பெண் பிள்ளைக்குக் குஸ்தி எதற்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. பெற்றோர் பின்வாங்கவில்லை.

ரியோவில் அவருக்கு அன்று ஒரே நாளில் ஐந்து சண்டைகள். முதல் இரண்டில் ஜெயித்தார். மூன்றாவதில் தோற்றார். ஆனால் அவரைத் தோற்கடித்தவர் இறுதிப் போட்டிக்குப் போய்விட்டார். அப்படிப் போனால், தோற்றவருக்கு வெண்கலப் பதக்கத்துக்காக மோத இன்னொரு வாய்ப்பு உண்டு. நான்காவது சண்டையில் ஜெயித்தார். ஐந்தாவது சண்டைதான் பதக்கத்தை முடிவு செய்வது.

குஸ்தி ஆறு நிமிட ஆட்டம். மூன்று நிமிடம் சண்டை. 30 விநாடி ஓய்வு. மறுபடியும் மூன்று நிமிடம் சண்டை. அவ்வளவுதான். முதல் மூன்று நிமிடம் முடிந்தபோது சாக்‌ஷி ஒரு புள்ளி கூட எடுக்கவில்லை. எதிராளி எடுத்தது ஐந்து புள்ளி. பார்த்தவர்கள் நம்பிக்கை இழந்தார்கள்.

ஓய்வு முடிந்தது. சாக்‌ஷி எழுந்தார். எதிராளியின் காலைப் பிடித்தார். புள்ளிகளைச் சேர்த்து ஏறி வந்தார். கடைசிச் சில விநாடிகளில் ஒரு பிடி போட்டார். முடிவு 8-க்கு 5. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் மல்லர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

எப்படி முடிந்தது? தைரியம் இருந்தது. பிடிகள் தெரிந்திருந்தன. இவை இரண்டும் எதிராளிக்கும் இருந்தன. இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். அதுதான் மூச்சு. அது ஐந்தாவது சண்டை. அதிலும் ஆறாவது நிமிடம். அந்த நேரத்தில் மூச்சு மிஞ்சி இருந்தால்தான் தைரியம் கைக்கு வரும். தெரிந்த பிடியும் கைக்கு வரும்.

இந்த மூச்சுப் பலத்துக்கு விளையாட்டு ஆசிரியர்கள் ஒரு பெயர் சொல்வார்கள். ஏரோபிக் சக்தி என்பார்கள். வடநாட்டுப் பயில்வான்கள் 'தம்' என்பார்கள். நம் ஊரிலும் "தம் பிடித்து ஓடு" என்று சொல்வது உண்டுதானே?

சரி, இந்தத் தம் எங்கிருந்து வருகிறது?

அடுப்பு மூட்டிய கை எல்லோருக்கும் இதைத் தெரியும். வைக்கோலைப் போட்டால் குபீரென்று எரியும். கொஞ்ச நேரத்தில் சாம்பல். விறகுக் கட்டை மெதுவாகப் பற்றும். ஆனால் நின்று எரியும். சோறு வெந்து முடியும் வரை எரியும்.

உடம்பிலும் இப்படி இரண்டு தீ உண்டு.

முதலாவது வைக்கோல் தீ. எதிராளியைத் தூக்கி எறிய வேண்டும். அல்லது ஓங்கி ஒரு குத்து விட வேண்டும். அதற்கு உடனே சக்தி வேண்டும். மூச்சுக் காற்று வந்து சேரும் வரை தசை காத்திருக்காது. தனக்குள் இருக்கும் இருப்பை எடுத்துச் செலவு செய்யும். பெரும் பலம் கிடைக்கும். ஆனால் முழு வேகத்தில் சில விநாடிதான். அதற்கு மேலும் விடாமல் இழுத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தசை எரியத் தொடங்கும். கால் கனக்கும். கை பிடி நழுவும்.

இரண்டாவது விறகுத் தீ. இதற்குப் பிராணவாயு வேண்டும். நுரையீரல் அதை இழுக்கிறது. இரத்தம் அதைச் சுமக்கிறது. இதயம் இரத்தத்தைத் தள்ளுகிறது. தசை அதை வாங்கி, சாப்பிட்ட உணவை எரிக்கிறது. இந்தத் தீ மெதுவானது. ஆனால் மணிக்கணக்காக எரியும். ஏர் உழுகிறவர், நாற்று நடுகிறவர், தலைச்சுமையோடு நடக்கிறவர் எல்லோரும் இந்தத் தீயில்தான் வேலை செய்கிறார்கள்.

இப்போது ஒரு கேள்வி. குஸ்திக்காரருக்கு எந்தத் தீ வேண்டும்?

"வைக்கோல் தீதான். அவர் என்ன பத்து மைலா ஓடப் போகிறார்?" என்று சிலர் சொல்லுவார்கள். பாதிதான் சரி. ஒரு பிடி போட்ட பின் வைக்கோல் தீர்ந்து போகும். அதை மறுபடி நிரப்ப வேண்டும். நிரப்புவது யார்? விறகுத் தீதான். ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் நடுவில் சில விநாடி கிடைக்கும். அந்த இடைவெளியில் யார் சீக்கிரம் மூச்சை மீட்கிறாரோ, அவருக்கு அடுத்த பிடி போடச் சக்தி இருக்கும். மற்றவர் வாய் பிளந்து நிற்பார்.

எல்லாச் சண்டை விளையாட்டிலும் இதே கதைதான். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றும் மூன்று நிமிடம். நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. ஜூடோ நான்கு நிமிடம். நான்கு நிமிடத்தில் சமமாக இருந்தால், யாராவது ஒருவர் ஜெயிக்கும் வரை ஆட்டம் தொடரும். கேட்பதற்கு இது கொஞ்ச நேரம்தான். வீட்டில் ஒரு நாள் செய்து பாருங்கள். இரண்டு கையையும் முகத்துக்கு நேரே உயர்த்தி, மூன்று நிமிடம் விடாமல் காற்றில் குத்துங்கள். எதிரில் ஆளே இல்லாமல் தோள் வலிக்கும்.

தம் கூடக் கூட உடம்பில் என்ன மாறுகிறது? கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வாளி என்றால் பல தடவை இறைக்க வேண்டும். பெரிய வாளி என்றால் சில தடவை போதும். சும்மா இருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்தில் சுமார் ஐந்து லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. கடுமையாக உழைக்கும்போது பயிற்சி பெற்ற வீரரின் இதயம் 20 லிட்டருக்கும் மேல் தள்ளும். தினமும் ஓடுகிறவரின் இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தம் தள்ளப் பழகுகிறது. அது பெரிய வாளி. ஆகவே அவர் சும்மா இருக்கும்போது நாடி மெதுவாக அடிக்கும்.

இதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். கணக்குப் படித்ததற்கு இது ஒரு பயன். காலையில் எழுந்தவுடன் உட்காருங்கள். மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே, மற்றக் கையின் இரண்டு விரலை வையுங்கள். கட்டை விரலால் தொட வேண்டாம். அதிலும் ஒரு நாடி அடிக்கும், கணக்குத் தவறும். கடிகாரம் பார்த்து 15 விநாடி எண்ணுங்கள். வந்த எண்ணை நான்கால் பெருக்குங்கள். 18 வந்தால், 18 x 4 = 72. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 60 முதல் 100 வரை இருக்கும். நல்ல பயிற்சி உள்ள வீரர்களுக்கு 60-க்கும் குறைவாக இருப்பது உண்டு. சிலருக்கு 50-க்கும் கீழே போகும்.

பயிற்சி எப்படி?

பழைய காலத்துப் பயில்வான்கள் விடியுமுன் எழுந்து ஓடினார்கள். பிறகு கோதா மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்டினார்கள். அதுவே ஒரு பயிற்சி. தண்டால் எடுத்தார்கள். பஸ்கி போட்டார்கள். கர்லாக்கட்டை சுழற்றினார்கள். கயிறு ஏறினார்கள். அப்புறம்தான் குஸ்தி. ஏரோபிக் என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் தம் இல்லாதவன் கோதாவில் நிற்க மாட்டான் என்பது தெரியும்.

இன்றைய பயிற்சியாளர்கள் இதையே ஒழுங்குபடுத்திச் சொல்கிறார்கள். முதலில் மெதுவான ஓட்டம். எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. 15 நிமிடத்தில் தொடங்கலாம். வாரா வாரம் சில நிமிடம் கூட்டலாம். இப்படி விறகு அடுக்கிய பிறகு வேகப் பயிற்சி. 30 விநாடி வேகமாக ஓட வேண்டும். பிறகு மெதுவாக நடக்க வேண்டும். மறுபடி வேகம். மறுபடி நடை. குஸ்தியும் இப்படித்தானே நடக்கிறது? ஒரு பாய்ச்சல். கொஞ்சம் தயக்கம். மறுபடி பாய்ச்சல். கோதாவில் நடப்பதை மைதானத்திலேயே உடம்புக்குப் பழக்க வேண்டும்.

ஒரே நாளில் தம் வராது. ஆறு எட்டு வாரம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். இரண்டு மூன்று வாரம் விட்டால் குறையத் தொடங்கும். வாரம் ஒரு நாள் ஓய்வு அவசியம். இரவுத் தூக்கம் அவசியம். உடம்பு வளருவது ஓய்வில்தான்.

தம்மை வளர்ப்பது போலவே, தம்மைத் திருடுகிறவர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று திருடர்கள் உண்டு.

முதல் திருடன் பீடி. புகையில் ஒரு நச்சு வாயு இருக்கிறது. அது இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பஸ்ஸில் டிக்கெட் எடுத்தவர் நிற்க, எடுக்காதவர் உட்கார்ந்த கதைதான். நுரையீரலும் கெடுகிறது.

இரண்டாவது திருடன் இரத்தசோகை. பிராணவாயுவைச் சுமப்பது இரத்தத்தில் உள்ள சிவப்புப் பொருள். அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். 2019 முதல் 2021 வரை மத்திய அரசு குடும்ப நல ஆய்வு ஒன்றை நடத்தியது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை என்று அந்த ஆய்வு சொன்னது. பாதிக்கும் மேல்! விளையாடும் பெண் பிள்ளை சீக்கிரம் களைத்தால், "சோம்பேறி" என்று திட்டாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதனை செய்யுங்கள். கீரை, பயறு, கேழ்வரகு, முட்டை, மீன், இவற்றில் முடிந்ததைக் கொடுங்கள். ஆண் பிள்ளைக்கு முட்டை, பெண் பிள்ளைக்கு மிச்சம் என்ற வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

மூன்றாவது திருடன்தான் மிகவும் கொடியவன். அவன் பெயர் தாகம். இவனைச் சில வீடுகளில் பெற்றோரே உள்ளே விடுகிறார்கள்.

எப்படி என்று கேளுங்கள். சண்டை விளையாட்டில் எடைப் பிரிவு உண்டு. போட்டிக்கு முன் எடை பார்ப்பார்கள். ஒரு பையனுக்கு நாளை எடை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் எடை இரண்டு கிலோ கூடுதல். "இன்று தண்ணீர் குடிக்காதே. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடு. வேர்வை போனால் எடை போகும்" என்று யாரோ சொல்கிறார்கள். அவனும் ஓடுகிறான். எடை குறைகிறது. ஆனால் போனது கொழுப்பு அல்ல. போனது உடம்பின் தண்ணீர்.

தண்ணீர் போனால் இரத்தத்தின் அளவு குறையும். இதயம் வேகமாக அடித்தாக வேண்டும். வேர்வை நின்றால் உடம்புச் சூடு வெளியே போகாது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் போனாலே தம் குறையும். 60 கிலோ உள்ளவருக்கு அது எவ்வளவு? 1 கிலோ 200 கிராம். வெயில் நாளில் கடும் பயிற்சியில் ஒரு மணி நேரத்திலேயே அவ்வளவு வேர்வை போய்விடலாம்.

தம் குறைவதோடு இது நிற்பதில்லை. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஐந்து வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்லர்கள் இறந்து போனார்கள். மூவரும் எடை குறைக்கப் பாடுபட்டவர்கள். வேர்க்க வைக்கும் உடையைப் போட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்தவர்கள். மூவரும் வாலிபர்கள். எமன் வந்தது எதிராளி வடிவத்தில் அல்ல. எடை இயந்திரத்தின் வடிவத்தில். அதன் பிறகே அங்கே கல்லூரிக் குஸ்தியில் அந்த உடைகளைத் தடை செய்தார்கள். எடை பார்க்கும் விதிகளையும் மாற்றினார்கள்.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக். ஹரியானாவைச் சேர்ந்த வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் போட்டியிட்டார். ஆகஸ்டு 6ஆம் தேதி ஒரே நாளில் மூன்று சண்டைகளில் ஜெயித்தார். ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்குப் போன முதல் இந்தியப் பெண் மல்லர் ஆனார். மறுநாள் காலை மீண்டும் எடை பார்க்க வேண்டும். அன்று இரவெல்லாம் எடையைக் குறைக்கப் பாடுபட்டார்கள். தலைமுடியைக் கூட வெட்டினார்கள். காலையில் முள் 100 கிராம் கூடக் காட்டியது. அவரைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். உடம்பில் நீர் வற்றி, அவருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டி வந்தது. மருத்துவர்களும் நிபுணர்களும் கூட இருக்கும் வீராங்கனைக்கே இந்தப் பாடு. கிராமத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை எந்தச் சண்டை விளையாட்டுக்குப் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள். "பயிற்சியில் தண்ணீர் குடிக்க விடுகிறார்களா? எடை குறைக்கச் சொன்னார்களா? எத்தனை நாளில்?" ஓரிரு நாளில் இரண்டு மூன்று கிலோ குறைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்த எடைப் பிரிவில் இறங்கட்டும். தோற்றால் தோற்கட்டும். தோற்ற பிள்ளை சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிட வருவான். அதுதான் பெரிது.

பயிற்சியின்போது தலைசுற்றல், நெஞ்சுவலி, உளறல், வேர்வை நின்று உடம்பு கொதித்தல், இவற்றில் ஏதாவது வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நிழலில் படுக்க வைத்து, உடம்பை ஈரத் துணியால் குளிர்விக்க வேண்டும். தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

இன்னொரு மல்லரின் கதையும் கேட்க வேண்டும். அவர் கே. டி. ஜாதவ். மகாராஷ்டிரத்தில் சத்தாரா மாவட்டம், கோலேஷ்வர் கிராமம். குட்டையான ஆள். ஆனால் மின்னல் வேகம். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகர ஒலிம்பிக்கில் அவர் வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனி ஆளாக ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த முதல் வீரர் அவர். அவர் போய்வரப் பணம் இல்லை. ஊர் மக்கள் வசூல் செய்தார்கள். அவர் படித்த கல்லூரியின் முதல்வர் தன் வீட்டையே அடகு வைத்தார்.

அங்கே நீண்ட நேரம் நடந்த ஒரு கடும் சண்டைக்குப் பிறகு, போதிய ஓய்வு இல்லாமலே அவரை அடுத்த சண்டைக்கு அழைத்தார்கள். இரண்டு சண்டைக்கும் நடுவில் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்லி வாதாட இந்திய அதிகாரி ஒருவரும் பக்கத்தில் இல்லை. களைத்த உடம்போடு இறங்கினார். தோற்றார்.

எப்பேர்ப்பட்ட பயில்வானுக்கும் மூச்சு மீள நேரம் வேண்டும். இது உடம்பு சொல்லும் பாடம். விதியைப் படித்துத் தெரிந்துகொண்டு "இது எங்கள் உரிமை" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். இது எழுத்து சொல்லும் பாடம். இரண்டும் உள்ள பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

கடைசியாக ஒரு சொல். இங்கே இருக்கும் எல்லோரும் கோதாவில் இறங்கப் போவதில்லை. ஆனால் மூச்சு எல்லோருக்கும் வேண்டும். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 30 நிமிடம் வீதம் ஐந்து நாள். 30 x 5 = 150. கணக்குச் சரியாக இருக்கிறது. வயலில், கட்டட வேலையில் நாளெல்லாம் பாடுபடுகிறவர்கள் இதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் உணவும். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் எழுந்து நடக்கட்டும். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்கட்டும்.

நாளைக் காலை தெருவில் ஒரு பெண் பிள்ளை ஓடினால் கேலி பேசாதீர்கள். வழி விடுங்கள். திரும்பி வரும்போது ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள்.